தேறாத மாணவரும் தேறிய சூத்திரமும்

4 என்ற எண்ணைக் கூட்டலாகப் பிரித்தால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்தே வழிதான். 200-ஐப் பிரித்தால்? 39,72,99,90,29,388 வழிகள்! கிட்டத்தட்ட நாலு லட்சம் கோடி!

இதற்குச் சூத்திரம் கண்டவர் நம்ம சீனிவாச இராமானுஜன். 1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா ஜவுளிக்கடைக் குமாஸ்தா. பையன் கணக்கில் புலி. மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போச்சு. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. கணக்கை மட்டும் விடவே இல்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு வேலை. 1914-ல் கேம்பிரிட்ஜ் பயணம்.

அங்கே பேராசிரியர் ஹார்டியோடு சேர்ந்து 1918-ல் அந்தச் சூத்திரத்தை வெளியிட்டார். மேக்மேஹன் என்பவர் கையாலேயே போட்ட விடையோடு ஒப்பிட்டால், எட்டு உறுப்புகளைக் கூட்டியதிலேயே வித்தியாசம் வெறும் 0.004! அதே ஆண்டு எஃப்.ஆர்.எஸ். பட்டமும் வந்தது. 1920-ல் 32 வயதில் சென்னையில் மறைந்தார்.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். கணக்குப் பேப்பரில் அரியர். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் மேதை, நான் இல்லை. ஆனா தேறாதவர் கணக்கை விடவில்லை என்பது எனக்குப் போதும். இன்று குத்தம்பாக்கம் போய் இறங்கியதும் முதலில் அப்பாவிடம் சொல்லப் போகிறேன். அப்புறம் மறுபடி பரீட்சை எழுதுவேன். அரியர் உள்ள நண்பர்களே, நீங்களும் வாங்க!