அளவுகோலை ஐயுற்ற அறிஞர்

மாணவப் பருவத்தில், ஆய்வுகூடத்தில் ஒவ்வாத வாசிப்புகளை அழித்துவிட்டு ஒத்தவற்றை மட்டும் ஏட்டிற் குறித்தவன் நான். ஜோன் ஸ்ருவேட் பெல்லின் வாழ்வை அறிந்தபோது அதற்காக நாணினேன்.

1928இல் பெல்பாஸ்ற் நகரில், எளிய குடும்பத்திற் பிறந்தவர் அவர். 16ஆம் வயதில் குயின்ஸ் பல்கலைக்கழகப் பௌதிக ஆய்வுகூடத்தில் உதவியாளராய்ச் சேர்ந்து, பின் அங்கேயே பயின்று பட்டம் பெற்றார். 1960 முதல் ஜெனீவாவின் சேர்ண் ஆய்வு நிலையத்திற் பணியாற்றினார்.

1964இல் அவர் ஒரு சமனிலியை நிறுவினார். பிரிந்து சென்ற இரு துணிக்கைகள் முன்னரே வகுத்துக்கொண்ட விடைகளையே தருமாயின், அவற்றின் இணக்கம் ஓரெல்லையைக் கடவாது. 1969இல் அமைந்த வடிவில் அவ்வெல்லை 2. குவாண்டம் கொள்கையோ ஏறத்தாழ 2.83 வரை இடந்தருகிறது.

ஆனால் கருவிகள் வழுவுடையன. கோணம் பிசகினாலும் இரைச்சல் கலந்தாலும் அவ்வெண் தாழ்ந்து, உள்ள பிணைப்பும் மறைந்துபோகலாம். ஒளித்துணிக்கைகள் பலவற்றைக் கருவி தவறவிட்டாலோ, அகப்பட்டவை மட்டும் இல்லாத பிணைப்பையும் காட்டக்கூடும். கருவி செம்மையுற்றால் குவாண்டம் கொள்கை பொய்க்குமெனப் பெல் நம்பவில்லை. ஆயினும், சோதனையிலிருந்த அவ்வோட்டையை மறைத்தாருமில்லர்.

1990இல், 62ஆம் வயதில், அவர் திடீரென மறைந்தார். 2015இல் டெல்ஃப்ற், வியன்னா, போல்டர் நகர்களில் அவ்வோட்டை அடைபட்ட நிலையிலும் எல்லை கடக்கப்பட்டது. அச்செய்தியைப் படித்த அன்று, நான் அழித்த வாசிப்புகளே என் நினைவில் எழுந்தன.