இறைபணி நின்ற நாவுக்கரசர்

சமயங்களுக்குள் பகைமை மூளுங் காலத்து அடியவன் நிற்கவேண்டிய நிலை யாது என்பது சைவ நன்மக்கள் சிந்திக்கற்பாலதொன்று. பகைவனை எதிர்த்தல் எளிது. அஞ்சி அடங்குதல் அதனினும் எளிது. அஞ்சாமலும் பகையாமலும் திருவருளின்வழி நிற்றல் ஒன்றே அரிது. அவ்வரிய நிலையினை வாழ்ந்து காட்டியருளியவர் திருநாவுக்கரசு சுவாமிகள். அவர்தம் வரலாறு அன்பர்கள் நன்கறிந்ததே யாயினும், இந்நோக்கில் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் பயனுடைத்தாம்.

சுவாமிகள் கி. பி. 7-ஆம் நூற்றாண்டில் விளங்கியவர். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், வேளாண் மரபில், குறுக்கைக் குடியில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகவாய்த் தோன்றி, மருணீக்கியார் என்னும் பெயர் பெற்றனர். தமக்கையார் திலகவதியார். அவரை மணம்பேசிய கலிப்பகையார் அரசன் பொருட்டுப் போர்மேற் சென்றிருந்த நாளிற் புகழனார் இறந்தனர்; மாதினியாரும் அவரைத் தொடர்ந்தனர்; பின்னர்க் கலிப்பகையாரும் போர்க்களத்து வீழ்ந்தாரென்னும் செய்தி வந்தது. உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியார் அடிவீழ்ந்து அழுதமை கண்டு, அவர் உய்தற்பொருட்டே உயிர் தாங்கினர்.

இளமையிலேயே நிலையாமையைக் கண்ணாரக் கண்ட மருணீக்கியார் அறச்சாலையுந் தண்ணீர்ப்பந்தரும் அமைத்து, சோலைகள் வளர்த்துப் பல அறங்கள் புரிந்தனர். பின்னர்ச் சமயங்களின் உண்மையை ஆராயப்புக்கு, பாடலிபுத்திரத்து அமண்பள்ளியை அடைந்து, அவர்தம் நூல்களைக் கரைகண்டு, பௌத்தரை வாதில் வென்று, தருமசேனர் என்னும் பெயரோடு அவர்க்குத் தலைவராயினர். ஆகவே, பிற்காலத்து அவரைப் பகைத்தவர் அயலாரல்லர். அவரோடு உடனுறைந்து, அவரைத் தலைமேற் கொண்டாடியவரே யாவர். இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தை யடைந்து திருவலகிட்டும் திருமெழுக்கிட்டும் பணிசெய்து, தம்பியாரை ஆட்கொண்டருளுமாறு இறைவனை வேண்டினர். இறைவன் கனவில் தோன்றி, சூலை தந்து ஆள்வோமென்று அருளினன். அவ்வாறே சூலை பற்றியது. அமணர்தம் மந்திரமும் மயிற்பீலியும் பயன்படவில்லை. மருணீக்கியார் இரவிற் புறப்பட்டுத் தமக்கையார் திருவடியில் வீழ்ந்தனர். அம்மையார் திருவைந்தெழுத்தோதித் திருநீறளித்தனர். வீரட்டானத்துப் பெருமான் திருமுன் முதற்றிருப்பதிகம் எழுந்தது, சூலை ஒழிந்தது, நாவுக்கரசு என்னும் நாமமும் இறைவன் அருளாற் கிடைத்தது.

உடனுறைந்தார் சினந்தனர். சூலை பொய்யென்றும், அது தமக்கையின் நெறியிற் புகுதற்குச் செய்த சூழ்ச்சியென்றும் பல்லவ வேந்தனிடம் முறையிட்டனர். அவ்வேந்தன் முதலாம் மகேந்திரவர்மனே என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. குணபரன் என்னும் அவன் பெயர் திருச்சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டினும் காணப்படும். அரசனேவலால் அமைச்சர் படையொடு வந்து அழைத்தபோது சுவாமிகள், தாம் சிவபெருமானுக்கன்றி வேறெவர்க்கும் ஆட்படாதவர் என்பதனை மறுமாற்றத் திருத்தாண்டகத்தால் தெளிவுறுத்தினர். எனினும் அமைச்சர் வணங்கி வேண்ட, வருவனவற்றுக்கு எம்பிரான் உளன் என்னும் உறுதியோடு உடன் சென்றனர். மறுத்ததும் சென்றதும் முரணன்று; மறுத்தது அரசனுக்கு ஆட்படுதலை; சென்றது இறைவன் விட்ட வழியே.

பின்னர் நிகழ்ந்தன நான்கு. நீற்றறையில் ஏழுநாள் அடைத்தனர்; அவர் இறைவன் திருவடி நீழலிற் குளிர்ந்திருந்தனர். நஞ்சு கலந்த பாலடிசிலை ஊட்டினர், அது அமுதாயிற்று. மதயானையை ஏவினர், அது வலம்வந்து பணிந்தது. கல்லொடு பிணித்துக் கடலில் இட்டனர். நமச்சிவாயப் பதிகம் பாட, கல்லே தெப்பமாயிற்று. அலைகள் அவரைக் கொண்டுசேர்த்த கரை யாது? திருப்பாதிரிப்புலியூர். அது முன்னர்த் தருமசேனராய் அவர் வீற்றிருந்த பாடலிபுத்திரமே யன்றோ! பிழைசெய்த இடத்திற்கே அடியவராய் மீளவிட்ட திருவருளின் திறம் நினைந்து நினைந்து உருகற்பாலது.

இந்நான்கிடத்தும் சுவாமிகள் தப்பியோட முயன்றிலர். தம்மை வருத்தினார்க்குத் தீங்கு வரவேண்டுமென்று வேண்டியதுமிலர். சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் கூறும் ஏகனாகி இறைபணி நிற்றல் என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு யாது? யான் செய்தேன், பிறர் செய்தார் என்னும் எண்ணம் அற்றவிடத்து, வரும் துன்பம் உடலூழாய்க் கழியுமன்றி உயிரைத் தாக்காது. பகைவர் கையையும் அவர் திருவருளின் ஆட்சிக்குட்பட்டதாகவே கண்டனர்; ஆதலிற் பகைத்தற்கு ஒருவருமிலராயினர்.

ஈண்டு ஒரு தடை நிகழலாம். அவர் பதிகங்களில் அமணரைக் கடிந்துரைக்கும் சொற்கள் உளவன்றோ எனின், உள, மறுத்தற்கில்லை. ஆயின் நான்காம், ஐந்தாம், ஆறாந் திருமுறைகளாய் விளங்கும் 312 பதிகங்களையும் ஊன்றி ஓதுவார்க்கு, அவர் மிகக் கடிந்தது தம் கழிந்த நாட்களையே என்பது புலனாம். அரசன் சைவனாகி, அமண்பள்ளிகளை இடித்துத் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் என்று சேக்கிழார் சுவாமிகள் கூறுவர். நாவுக்கரசரோ வென்ற பக்கத்து அரசவையில் அமர்ந்தாரல்லர். உழவாரம் ஏந்தித் தலந்தோறும் புல் செதுக்கச் சென்றனர். பழையாறை வடதளியில் அமணர் மறைத்த சிவலிங்கத்தைக் காணுமளவும் உண்ணாதிருந்தாரேயன்றி, எவர்மேலும் முறையிட்டிலர். இறைவன் கனவில் உணர்த்த, அரசன் வந்து மறைப்பை நீக்கினான், அமணரையும் ஒறுத்தான். அவ்வொறுப்பு அரசன் செய்தது, சுவாமிகள் கேட்டதன்று.

தமக்கு வந்த துன்பத்துக்கு அஞ்சாத அவர் ஓரிடத்து அஞ்சினர். திருமறைக்காட்டிலிருந்து ஆளுடைய பிள்ளையார் மதுரைக்கு எழுந்தருளப் புக்கபோது, அமணர் வஞ்சனைக்கு எல்லையில்லை, கோள்களும் நல்லவாயில்லை என்று தடுத்தனர். அது வெறுப்பன்று, பட்டறிந்த முதியவர் குழந்தைமேல் வைத்த அன்பு. பிள்ளையார் கோளறு திருப்பதிகத்தால் திருவருளின் துணையை உணர்த்தியதும், தடுத்தவரே உடன்பட்டுத் தாமும் முற்செல்ல எழுந்தனர். அவரைச் சோழநாட்டிலேயே இருக்குமாறு பிள்ளையார் வேண்ட, அதற்கும் இசைந்தனர். தம் அச்சம் பெரிதென்றிலர். தம் வீரமும் பெரிதென்றிலர். போவென்றால் போதலும் இருவென்றால் இருத்தலுமே இறைபணி யென்க. நீற்றறையிற் பொறுத்தலினும் இது அரிதென்பது எம் கருத்து.

இறுதியிற் புகலூரில் உழவாரத்தின்முன் பொன்னும் மணியும் புரண்டபோது, பருக்கைக் கற்களோடு அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்தனர். நஞ்சினை வெறாத நெஞ்சு பொன்னினை விரும்புமோ? சித்திரைச் சதயத்தில் அப்பெருமான் திருவடியிற் கலந்தனர்.

பிற சமயத்தார் நம்மை இகழும்பொழுதெல்லாம் நாம் நாவுக்கரசர் வழியினரென்று பெருமை பேசுகின்றோம். பேசுமுன், நம் கையில் இருப்பது உழவாரமோ, பிறிதொன்றோ என்று நோக்குதல் கடன். திருவருள் துணை.