கறிவேப்பிலையில் வாழும் பெயர்

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்ப்புறங்களில் வீட்டுக் கொல்லைதோறும் கறிவேப்பிலை மரத்தைக் காணலாம். தமிழில் அது கறிவேப்பிலை, மலையாளத்தில் கறிவேப்பில. எல்லை கடந்தாலும் பெயர் மாறவில்லை. எனினும், தொலைவிலுள்ள நாடுகளில் வேறு வேறு பெயர்கள் வழங்கும். ஆதலால், ஒவ்வோர் உயிருக்கும் உலகப் பொதுவாக இருசொற் பெயர் இடும் முறையைச் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் நிலைநிறுத்தினார். அம்முறைப்படி கறிவேப்பிலை, முர்ராயா கோனிகி எனப்பட்டது. அப்பெயரின் இரண்டாம் சொல் ஒரு பயணியைக் குறிக்கிறது.

அவர் யோகான் கெரார்டு கோனிக். இன்றைய லாட்வியா நாட்டுப் பகுதியில் 1728-ஆம் ஆண்டு பிறந்தார், லின்னேயஸிடம் பயின்றார், பனி சூழ்ந்த ஐஸ்லாந்து தீவுக்குச் சென்று செடிகளைத் திரட்டினார். 1768-இல் டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். நோயாளிகளைப் பேணியதோடு, சோழமண்டலக் கரையின் செடிகொடிகளையும் ஆராய்ந்தார். அவற்றை உலர்த்தி, கப்பல் வழியாகத் தம் ஆசிரியருக்கு அனுப்பினார். தஞ்சைப் பகுதிக் கறையான்களின் வாழ்க்கையையும் கூர்ந்து நோக்கி எழுதினார்.

1771-இல் வெளிவந்த நூலொன்றில் லின்னேயஸ் கறிவேப்பிலைக்குத் தம் மாணவரின் பெயரைச் சூட்டினார். அன்று அதன் முதற்சொல் பெர்கெரா என்பதாகும். பின்வந்த அறிஞர்கள் அதனை முர்ராயா என மாற்றினர்; இக்காலத்தார் பலர் மீண்டும் பெர்கெரா என்கின்றனர். முதற்சொல் மாறினும், கோனிக்கின் பெயர் மாறவில்லை.

பின்னர் அவர் ஆர்க்காட்டு நவாபிடமும், கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றினார். சயாம், மலாக்கா நாடுகளுக்கும் சென்றுவந்தார். 1785-இல் காக்கிநாடாவை அடுத்த செகநாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பால் உயிர் நீத்தார். அப்போது வயது 56. பிறந்த மண்ணை அவர் மீண்டும் காணவில்லை. அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் மட்டும் கடல் கடந்து இலண்டன் சேர்ந்தன.

கோனிக் இம்மரத்தை முதன்முதலில் கண்டவர் அல்லர். அவர் வருமுன்பே நம் முன்னோர் அதனை அறிந்திருந்தனர். இலை வேம்பின் இலையை ஒத்தது, கறிக்கு மணமூட்டுவது என்று கண்டு, கறி, வேம்பு, இலை என்னும் மூன்று சொற்களைச் சேர்த்துப் பெயரிட்டனர். அவர்கள் யாரென நூல்கள் கூறவில்லை. அவர்களது அறிவை அச்சொல்லே தாங்கி நிற்கிறது. அறிவியற் பெயர் ஒரு பயணியை நினைவூட்டுகிறது. தமிழ்ப்பெயர் ஓர் இனத்தின் பட்டறிவை நினைவூட்டுகிறது. இரண்டையும் அறிந்து போற்றுவோம்.

செயல்பாடு: உம் வீட்டைச் சுற்றியுள்ள ஐந்து செடிகளின் தமிழ்ப்பெயர்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. அவற்றின் மலையாளப் பெயர்களையும் எழுதி ஒப்பிடுக.