ஃபோலிக் அமிலம் தந்த டாக்டர் சுப்பாராவ்

அதியன்னூர், பாறசாலை, நெய்யாற்றின்கரை என எந்த ஊரானாலும், கர்ப்பிணிப் பெண்களுக்கு இரும்புச் சத்துடன் ஃபோலிக் அமிலம் சேர்ந்த மாத்திரை கொடுப்பது இன்று வழக்கம். இந்த ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய விஞ்ஞானிகளுக்குத் தலைமை வகித்தவர் சென்னையில் வைத்தியம் படித்த ஓர் இந்தியர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் அவர் முதலிலிருந்தே சூரர் அல்ல. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். காந்திஜியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்கு ஒரு படி தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

குடும்பத்தில் நேர்ந்த துயரமும் அவரை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியது. அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தனர். உடல் சத்தை ஏற்காமல் பேதியாகி இளைத்துப்போகும் ‘ஸ்ப்ரூ’ என்ற நோய்க்கு அன்று மருந்து இல்லை.

அமெரிக்காவில்

மாமனாரின் உதவியுடனும் தரும நிதியின் உதவியுடனும் 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். மனைவி சேஷகிரி ஊரிலேயே தங்கினார். கணவர் திரும்பி வரவே இல்லை. பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை. அப்படியிருந்தும் ரத்தத்தில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் ஃபிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து வகுத்தார். உயிரணுக்களுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளையும் இருவரும் 1929-ல் கண்டறிந்து வெளியிட்டனர். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் அதைத் தனியாகக் கண்டறிந்திருந்தார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிட்டவில்லை.

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். ஈரலில் ரத்தசோகையைத் தீர்க்கும் பொருள் எது என்பது ஹார்வர்டிலேயே அவரைப் பற்றிக்கொண்ட கேள்வி. பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் சோகையை ஈஸ்ட் சத்து தீர்ப்பதை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் 1931-ல் எடுத்துக் காட்டியிருந்தார். அந்தச் சத்துதான் ஃபோலிக் அமிலம். 1945-ல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய் அந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது.

ரத்தமும் நரம்பும்

ஆனால், வெற்றிக்குள் ஒரு புதிரும் ஒளிந்திருந்தது. ‘பெர்னிஷியஸ் அனீமியா’ எனும் கொடிய ரத்தசோகை ரத்தத்தோடு நிற்பதில்லை, தண்டுவடத்தையும் தாக்கும். மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல நரம்பிழைகளின் மேல் ‘மயலின்’ என்ற கொழுப்புறை உண்டு. அது சிதைந்தால் செய்தி தடைப்படும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். இந்நோயாளிகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது ரத்தம் தேறியது. நரம்பு மட்டும் தேறவில்லை. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்க, கால்கள் உணர்விழந்துகொண்டே போயின. மருந்து ஒன்றை மறைத்து மற்றொன்றை வளரவிட்டது.

ஈரலில் வேறொரு பொருளும் இருந்தாக வேண்டும் என்பது இதனால் உறுதிப்பட்டது. 1948 ஏப்ரலில் அமெரிக்காவின் மெர்க் கம்பெனி அதைப் படிகமாகப் பிரித்து வெளியிட்டது. அதுதான் வைட்டமின் பி-12. உடல் மயலினைப் பழுதின்றி வைத்திருக்க இது வேண்டும். காலம் தாழ்த்தாமல் ஊசி போட்டால் நரம்பின் பழுது பெருமளவு சீராகும். தாழ்த்தினால் கால் பழைய நிலைக்கு வராமலே போகலாம். பால், முட்டை, மீன், இறைச்சி எதையும் தொடாதவர்களுக்குப் பி-12 குறைவு ஏற்படக்கூடும். கால் மரத்துப்போனவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுக்காமல் பி-12 அளவையும் டாக்டர்கள் பார்ப்பது இந்த அனுபவத்தால்தான்.

அந்த ஆண்டிலேயே ஆகஸ்டில், 53-வது வயதில், சுப்பாராவ் காலமானார். அதற்குள் அவருடைய குழு யானைக்கால் நோய்க்கு ஹெட்ரசான் மருந்தைத் தந்திருந்தது. சேர்த்தலைப் பகுதி போன்ற கேரளக் கரையோர மக்களுக்கு யானைக்கால் நெடுநாள் துன்பமாக இருந்தது. அந்த மருந்து இன்றும் பயன்படுகிறது. ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக அவர்கள் தயாரித்த பொருள்களில் ஒன்றைக் கொண்டுதான் பாஸ்டன் டாக்டர் ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைச் சிலகாலம் அடக்கிக் காட்டினார்.

அமெரிக்கப் பிரஜையாகாமலே, விளம்பரம் தேடாமலே வாழ்ந்து மறைந்தார் சுப்பாராவ். 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. மூளையிலும் தண்டுவடத்திலும் மயலின் சிதையும் ‘மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ்’ நோய்க்கு, இழந்த உறையை மீட்டுத் தரும் உறுதியான மருந்து இன்னும் வரவில்லை. அதைத் தேடுகிறவர்களுக்கு அவருடைய வாழ்வு ஒரு பாடம்: ஒரு நோயின் ஒரு பாதி தீர்ந்தது கண்டு மறு பாதியை மறந்துவிடக் கூடாது.