பஞ்சாபில் மன்றாடிய ஜான் ஹைட்

1892-ஆம் ஆண்டு இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பலில் ஜான் ஹைட் ஒரு கடிதத்தைப் பிரித்தார். தாம் பரிசுத்த ஆவியினால் நிரப்பப்படும்வரை ஓயாமல் ஜெபிக்கப்போவதாகத் தகப்பனாரின் நண்பர் எழுதியிருந்ததைக் கண்டு சினந்து, அதைக் கசக்கி எறிந்தார். பின்பு அவரே அதைத் தேடியெடுத்து வாசித்தார்.

அமெரிக்கப் போதகரின் மகனான அவருக்குச் செவி மந்தம். பஞ்சாபில் மொழி எளிதில் வசப்படவில்லை. கிராம ஊழியத்திலும் கனி சொற்பமே.

1904-இல், இன்று பாகிஸ்தானிலுள்ள சியால்கோட்டில் முதல் கன்வென்ஷன் கூடுமுன், பேட்டர்சனோடு சேர்ந்து 30 நாட்கள் இரவும் பகலும் மன்றாடினார். 1908-இல் நாளொன்றுக்கு ஓர் ஆத்துமாவைக் கர்த்தரிடம் கேட்டார்; ஆண்டு முடிவில் 400-க்கும் அதிகமானோர் விசுவாசத்திற்குள் வந்தனர். மறு ஆண்டு இரண்டு, 1910-இல் நான்கு என்று கேட்டார்.

இவ்வெண்களையே பலரும் பேசுகின்றனர். அவரது ஜெபம் திருத்தப்பட்ட விதமோ அதிகம் பேசப்படுவதில்லை. ஒருமுறை இந்தியப் போதகர் ஒருவருக்காக ஜெபிக்கையில், அவருடைய குளிர்ந்த நிலையைக் கர்த்தரிடம் முறையிடத் தொடங்கினார்; உள்ளத்தில் தடுக்கப்பட்டார். மனங்கசந்து, அவரிலுள்ள நன்மைகளுக்காக ஸ்தோத்திரம் செலுத்தினார். அந்நாட்களிலேயே அப்போதகர் உயிர்ப்பிக்கப்பட்டதைப் பின்னர் அறிந்தார். நான்கு பேர் வராத நாளிலும் குறையைத் தம்மிடமே தேடினார். துதி குறைந்ததே தடையென்று கண்டார்.

இதயம் இடம்பெயர்ந்திருப்பதாகக் கல்கத்தா மருத்துவர் எச்சரித்து, முழு ஓய்வை வற்புறுத்தினார். ஹைட் ஓயவில்லை. 1911-இல் தாயகம் திரும்பியவர், 1912 பிப்ரவரி 17 அன்று, 46-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.