கதவைத் திறந்த டாக்டர் அம்மா

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்கு உங்கள் அக்காவோ, சித்தியோ பிரசவத்துக்குப் போயிருக்கலாம். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் உதவித் தொகைத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. யார் அந்த அம்மையார்?

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். பெண் வயதுக்கு வந்தால் படிப்பு நின்றுவிடும் காலம் அது. இவரோ வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டதும் பலர் எதிர்த்தார்கள். மன்னர் அனுமதித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டரானார்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது ஒரு நிபந்தனை விதித்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதே அது. அவரும் சம்மதித்தார்.

1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. பெண்களுக்குப் படிப்பும் ஓட்டுரிமையும் வேண்டும் என்று அது பாடுபட்டது. அந்தச் சங்கத்தின் முயற்சியால் 1926இல் முத்துலட்சுமி சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அதன் துணைத் தலைவராகவும் ஆனார்.

அந்நாளில் சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்தது. அவர்கள் மற்றப் பெண்களைப் போல் திருமணம் செய்து வாழ முடியாது. இதை ஒழிக்கச் சட்டம் கேட்டார் முத்துலட்சுமி. செல்வாக்குள்ள பலர் எதிர்த்தார்கள். 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். ஆனாலும் போராட்டத்தை விடவில்லை. முழுமையான தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது.

சட்டம் வரும்வரை அந்தச் சிறுமிகள் எங்கே போவார்கள்? அடைக்கலம் தேடி வந்தவர்களை விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. டாக்டர் அம்மா தம் வீட்டுக் கதவைத் திறந்தார். 1930இல் இப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். அங்கே சிறுமிகளுக்குச் சோறும் கிடைத்தது, படிப்பும் கிடைத்தது.

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம் அவர் மனதை விட்டு அகலவில்லை. மாதர் சங்கத்துடன் சேர்ந்து நிதி திரட்டினார். 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானது. 1968இல் அவர் மறைந்தார். அந்த மருத்துவமனை இன்றும் நோயாளிகளைக் காத்து வருகிறது.

ஒரு பெண் படித்தார். பல பெண்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். எத்தனை உயிர்கள் பிழைத்தன, பார்த்தீர்களா?

குழந்தைகளே, உங்கள் பள்ளி மன்றத்தில் தலைவர் எப்போதும் பையனா? கோலம் போடுவதும் பெருக்குவதும் மாணவிகள் மட்டும்தானா? அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள். மாற்றம் அங்கிருந்தே தொடங்கட்டும்!