அகராதி தந்த ஜான்சன்

ஷேக்ஸ்பியர் வரியில் ‘தௌ’ என்று வந்தது. ‘நீ’ என்பதற்குப் பழைய சொல்லாம்! அகராதியைத் தேடப் போய் சாமுவேல் ஜான்சனைப் பற்றிப் படித்தேன்.

1709-ல் இங்கிலாந்தில் லிச்ஃபீல்டில் பிறந்தார். அப்பா புத்தகக் கடைக்காரர். குழந்தையிலேயே ஒரு கண் பார்வை மங்கிப் போச்சு. பணமில்லாமல் ஆக்ஸ்போர்டு படிப்பைப் பாதியில் விட்டார்.

1746-ல் அகராதி வேலையை ஏற்றார். ஷேக்ஸ்பியர், மில்டன் நூல்களில் சொற்களுக்குக் கோடு போடுவார். உதவியாளர்கள் ஆறு பேர் அந்த வாக்கியங்களைத் தாளில் எழுதுவார்கள். 1752-ல் மனைவி இறந்தார். அழுதார், ஆனா வேலையை விடலை. 1755-ல் 42,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு அகராதி வந்தது. அதே ஆக்ஸ்போர்டு பட்டம் கொடுத்தது! 1784-ல் மறைந்தார்.

இப்போ நானும் புரியாத சொல்லை நோட்டில் எழுதுறேன். நீங்களும் எழுதுங்க. நூலகப் புத்தகத்தில் மட்டும் கோடு போடாதீங்க!